48 எங்கிருந்து வந்தது?

சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஓசூரில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து தகவல் பாதுகாப்புக் கேள்வித்தாள் ஒன்று வந்தது. சர்வர் அறைக்குப் பூட்டு இருக்கிறதா, வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல்லை எத்தனை நாளில் முடக்குகிறீர்கள் என்பன போன்ற வழக்கமான கேள்விகளுக்கு நடுவே இப்படி ஒன்று இருந்தது: "உங்கள் மென்பொருள் எதிலாவது ஷா-1 பயன்படுகிறதா? ஆம் எனில், அதிலிருந்து விலகுவதற்கான திட்டம் என்ன?" ஷா-1 என்பது, எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அதற்கு நிலையான நீளத்தில் ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டுத் தரும் ஹாஷ் ஃபங்ஷன்களில் பழைய ஒன்று. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2030 டிசம்பர் 31-க்குள் ஷா-1-ஐ முற்றிலும் கைவிட வேண்டும் என்று 2022-இல் அறிவித்ததிலிருந்து இத்தகைய கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. எங்கள் மேலாளர் தாளை என் மேசையில் வைத்து, "ஹாஷ் ஃபங்ஷன்தானே, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட எத்தனை நாளாகும்?" என்று கேட்டார். இரண்டு நாள் என்று நான் சொன்னேன். அந்த இரண்டு நாள் ஐந்து மாதமாக நீண்டது. ஐந்து மாத முடிவில் எங்கள் கருவி முதல் நாள் என்ன செய்ததோ அதையேதான் செய்துகொண்டிருந்தது, அதே ஷா-1-ஐ வைத்துக்கொண்டு.

இதை வேலையே நடக்கவில்லை என்று நினைப்பவர்கள் இன்றும் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் பலமுறை விளக்க முயன்று பாதியில் விட்டிருக்கிறேன். மாற்றத்துக்குத் தயாராவதும் மாற்றுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதும், முன்னதுதான் பெரிது என்பதும் எனக்கே தாமதமாகத்தான் பிடிபட்டது.

இரண்டு நாள் என்று சொன்னவன் செய்த வேலை

எங்கள் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரங்களில் ஓடும் நிரல்களின் பழைய வடிவங்களைப் பாதுகாப்பதற்காக, எனக்கு முன்பு அங்கு வேலை பார்த்தவர் சி மொழியில் எழுதியது அது. ஒரு பாகத்தின் நிரலில் யாராவது ஓர் எண்ணைத் திருத்தினாலும் அது தனிப் பதிவாகும்; ஒவ்வொரு பதிவுக்கும் ஷா-1 ஹாஷ்தான் பெயர். நிரல்களின் வரலாற்றைப் பாதுகாக்கப் பலரும் பயன்படுத்தும் கிட் என்ற மென்பொருளிடமிருந்து சேமிக்கும் வடிவத்தை அவர் அப்படியே இரவல் வாங்கியிருந்தார், பிளாப் (கோப்பின் உள்ளடக்கம்), ட்ரீ (அடைவு எனப்படும் ஃபோல்டரின் பட்டியல்), கமிட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) என்ற பெயர்கள் உட்பட. ஒவ்வொரு வேலையோடும் போகும் ஜாப் கார்டில் ஒட்டும் ஸ்டிக்கரையும் இந்தக் கருவியே அச்சிடும். அதில் பாகத்தின் எண்ணும், அன்றைக்கு ஓட வேண்டிய நிரலின் ஹாஷில் முதல் 8 இலக்கமும் இருக்கும். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அந்த 8 இலக்கம்தான் நிரலின் பெயர்.

ஷா-1-இன் நீளம் 20 பைட். பதினாறின் அடியெண்ணில் எழுதினால் 40 இலக்கம். ஷா-256-க்கு அவை 32, 64. ஆகவே முதல் நாள் பிற்பகல், நிரல் முழுவதிலும் 20 என்று இருந்த இடத்தில் 32 என்றும், 40 என்று இருந்த இடத்தில் 64 என்றும் ஒரே கட்டளையில் மாற்றினேன். ஹாஷைக் கணக்கிடும் ஃபங்ஷனையும் மாற்றினேன். பிழையில்லாமல் கம்பைல் ஆயிற்று. பதிவுகள் சேரும் களஞ்சியம் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதில் ஒரு கோப்பைப் போட்டேன். 64 இலக்கத்தில் நீண்ட பெயர் ஒன்று திரையில் வந்து நின்றது. இரண்டு நாள் என்று சொன்னதே அதிகமோ என்றுகூடத் தோன்றியது. இன்னும் இரண்டு கோப்புகளைச் சேர்த்து, கமிட் செய்து, வரலாற்றைக் காட்டச் சொன்னபோது, "கமிட் பழுதடைந்துள்ளது" என்று கருவி நின்றுவிட்டது.

40 எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடினேன், இல்லை. 20-உம் இல்லை. மாலை ஆறு மணிவரை பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. கமிட்டைப் படிக்கும் ஃபங்ஷனை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். நான் காவேரிப்பட்டணத்திலிருந்து போய் வருபவன். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கிருஷ்ணகிரி வரும்வரை ஏதாவது படிக்கலாம். அந்த ஃபங்ஷன் இருபது வரிதான். அதில் நான்கு எண்கள் இருந்தன: 45, 46, 47, 48. ஏதோ ஓர் இடத்தில் 46-ஐவிடச் சிறியதா என்று பார்க்கிறது. இன்னோர் இடத்தில் 48 தாண்டிப் போகிறது. எதற்காக என்று ஒரு குறிப்பும் இல்லை.

சூளகிரியை நெருங்கும்போது விடை கிடைத்தது. கமிட்டின் முதல் வரி ட்ரீ என்ற சொல்லில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அது 4 எழுத்து. அடுத்து ஓர் இடைவெளி. அடுத்து ஹாஷின் 40 இலக்கம். ஆக 45, வரி முடியும் குறியையும் சேர்த்தால் 46. அடுத்த வரி, முந்தைய கமிட்டைச் சுட்டும் பேரண்ட் என்ற சொல்லில் தொடங்குகிறது. 6 எழுத்து, ஓர் இடைவெளி, 40 இலக்கம் சேர்ந்து 47, வரிமுடிவோடு 48. எழுதியவர் இந்தக் கூட்டலைத் தம் மனத்துக்குள் போட்டு, விடையை மட்டும் நிரலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் 40-ஐத் தேடிக்கொண்டிருந்தேன். அது 48-க்குள் இருந்தது. பேனாவை எடுத்து அந்தத் தாளின் ஓரத்தில், வேறு எந்த எண்களுக்குள் 40 இருக்கக்கூடும் என்று எழுதத் தொடங்கினேன். பெயரின் முதல் 2 இலக்கத்தை அடைவுக்கு வைத்து மீதியைக் கோப்பின் பெயராக்குகிறோம். அங்கே 38 இருக்கும். எழுத்துச் சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழியத்துக்கும் இடம் ஒதுக்கிய இடத்தில் 41 இருக்கும். இரண்டு பெயர்களை இடைவெளிவிட்டு எழுதும் இடத்தில் 81 இருக்கும். கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது பட்டியலில் பதினொரு எண்கள் இருந்தன. மேலாளரிடம் இரண்டு நாள் என்று சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பது அந்தப் பதினொன்றைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் அதன் மறுபக்கமும் தெரிந்தது. என் திருத்தத்தைச் சோதனைக் கணினியில்தான் வைத்திருந்தேன். ஆனால் ஸ்டிக்கர் அச்சடிக்கும் இயந்திரம் எல்லாக் கணினிக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. நான் முந்தைய நாள் அனுப்பிவிட்டு மறந்துபோன சோதனை ஸ்டிக்கர்கள், காலை ஷிஃப்ட்டின் ஸ்டிக்கர்களுக்கு நடுவே வெளிவந்திருக்கின்றன. சூப்பர்வைசர் அண்ணன் அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் ஒட்டினார். பாக எண்ணின் பாதி ஒரு ஸ்டிக்கரிலும் மீதி அடுத்த ஸ்டிக்கரிலும் விழுந்திருந்தன. ஸ்டிக்கரின் அகலம் 40 மில்லிமீட்டர். நான் அதை 64 ஆக்கியிருந்தேன். ஹாஷ் இருந்த இடங்களைத் தொடாமலும், ஹாஷே இல்லாத இடத்தைத் தொட்டும் ஒரே பிற்பகலில் இரண்டு தவறுகளையும் செய்திருக்கிறேன். கணினித் திரை 20 நிமிடம் சும்மா இருந்தால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு 32 நிமிடமாகியிருந்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டேன்.

கிட்டிலும் அதே எண்கள்

நான் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொண்டேனா என்று அறியக் கிட்டின் பழைய நிரலைத் திறந்தேன். கமிட்டைப் படிக்கும் இடத்தில் அதே 46-உம் 48-உம் இருந்தன. எங்கள் கருவியை எழுதியவர் வடிவத்தை மட்டுமல்ல, எண்களையும் இரவல் வாங்கியிருக்கிறார். இப்போதைய கிட்டில் அந்த இடத்தில், நடப்பு ஹாஷின் நீளத்தோடு 5-ஐயும் 7-ஐயும் கூட்டிப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். கிட்டின் ஹாஷ் மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் 2017 பிப்ரவரி 23-ஐச் சொல்வார்கள். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும், ஒரே ஷா-1 கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்ட நாள் அது. அவற்றைச் சோதனைக்காகச் சேர்த்ததில் வெப்கிட் என்ற இணைய உலாவித் திட்டம், கிட்டைப் போன்ற பழைய மென்பொருளான சப்வெர்ஷனில் வைத்திருந்த களஞ்சியம் இடறிப்போனது. கிட்டில் அவை மோதவில்லை, அதாவது ஒரே பெயரைப் பெறவில்லை. ஏனெனில் கிட் கோப்பை மட்டும் ஹாஷ் செய்வதில்லை, கோப்பின் வகையையும் நீளத்தையும் முன்னால் சேர்த்துத்தான் ஹாஷ் செய்கிறது. ஆனால் அதே வகை முன்குறிப்போடு புதிய மோதலைக் கணக்கிட முடியாது என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால்தான் அவ்வாண்டு மே மாதம் வந்த 2.13 பதிப்பிலிருந்து, இத்தகைய தாக்குதலின் அடையாளத்தைக் கண்டால் நின்றுவிடும் ஷா-1-ஐக் கிட் இயல்பாகப் பயன்படுத்தத் தொடங்கியது.

எனக்கு வியப்பளித்தது அந்த நாளல்ல, அதற்கு முந்தைய நாட்கள்தான். பிரையன் எம். கார்ல்சன் என்ற பங்களிப்பாளர், கிட்டின் நிரல் முழுவதும் 20 பைட் வரிசையாகக் கிடந்த ஹாஷை "ஆப்ஜெக்ட் ஐடி" என்ற தனி வகைக்குள் கொண்டுவரும் வேலையை 2015-க்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தார். அப்போது எந்த ஹாஷுக்கு மாறப் போகிறோம் என்பதே முடிவாகவில்லை. ஷா-256 என்று முடிவானது 2018-இல். அதைக் கொண்டு களஞ்சியம் உருவாக்கும் வசதி, சோதனை நிலையில், 2020 அக்டோபரில் 2.29 பதிப்பில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை எந்தப் பயனரும் கவனித்திருக்க வழியில்லை. கவனித்திருந்தால் அது பிழையாக இருந்திருக்கும். எங்கள் மேலாளர் போன்ற ஒருவர் மாதாமாதம் "இந்த மாதம் என்ன மாறியது?" என்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஒன்றும் மாறாத ஐந்து மாதம்

நான் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை ஷா-256-ஐத் தொடவே இல்லை. ஹாஷுக்கென ஒரு வகையை அமைத்தேன். இரண்டு ஹாஷ்களை ஒப்பிடுவதற்கு, நகலெடுப்பதற்கு, சரத்திலிருந்து படிப்பதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஃபங்ஷனை வைத்தேன். பிறகு நிரலின் ஒவ்வொரு கோப்பாகப் போய், நேரடியாக 20 பைட்டை ஒப்பிட்ட இடங்களில் எல்லாம் அந்த ஃபங்ஷன்களை அழைக்கச் செய்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் பழைய களஞ்சியங்களில் ஒன்றைத் திறந்து, வெளியீடு ஓர் எழுத்தும் பிசகாமல் முன்புபோலவே இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாமே சுழியமான வெற்றுப் பெயர், காலி அடைவின் பெயர் போன்ற நிலையான மதிப்புகளும் நிரலில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவை ஹாஷுக்கு ஹாஷ் வேறுபடும் என்பதால், நடப்பு ஹாஷைக் கேட்டுப் பெறும்படி மாற்ற வேண்டியிருந்தது. ட்ரீ வடிவம் இதைவிடத் தொல்லையானது. அதில் கோப்பின் பெயருக்குப் பின் ஹாஷின் பைட்டுகள் அப்படியே வந்து அமர்கின்றன. எத்தனை பைட் என்று எங்கும் எழுதியிருக்காது. எந்த ஹாஷ் என்று தெரியாமல் ஒரு ட்ரீயைப் படிக்கத் தொடங்கவே முடியாது. ஆகவே இதுவரை எதுவும் கேட்காமல் ஓடிய பல ஃபங்ஷன்களுக்கு, எந்தக் களஞ்சியத்துக்காக ஓடுகிறோம் என்ற தகவலை மேலிருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த மாதங்களில் என்னை மிகவும் அலைக்கழித்த பிழை, நானே உண்டாக்கியது. இரண்டு ஹாஷ்களுக்கும் போதுமான இடம் வேண்டுமென்று புதிய வகையில் 32 பைட் ஒதுக்கியிருந்தேன். ஷா-1 அதில் 20-ஐ நிரப்பும். மீதி 12-இல் நினைவகத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதுவே கிடக்கும். ஓரிடத்தில் மட்டும் 32 பைட்டையும் சேர்த்து ஒப்பிட்டுவிட்டேன். விளைவாக, ஒரே பதிவின் பெயரைச் சில சமயம் ஒன்றென்றும் சில சமயம் வேறென்றும் கருவி சொன்னது. மதியம் சரியாக ஓடியது மாலையில் தவறும். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். மூன்று வாரம் கழித்துக் காரணம் தெரிந்தபோது, கிட்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான மெர்க்குரியல் நினைவுக்கு வந்தது. கிட் பிறந்த அதே 2005 ஏப்ரலில் பிறந்த அந்த மென்பொருளின் அட்டவணைக் கோப்பு, ஒவ்வொரு பதிவின் பெயருக்கும் 32 பைட் ஒதுக்கி, 20-ஐ மட்டும் பயன்படுத்தி, மீதி 12-ஐச் சுழியமாக விட்டுவைக்கிறது. முன்யோசனையான ஏற்பாடுதான். ஆயினும் அதே மென்பொருளின் வேறொரு கோப்பு, இடைவெளி எதுவும் விடாமல் இரண்டு 20 பைட் பெயர்களோடு தொடங்குகிறது. ஓரிடத்தில் முன்யோசித்தவர்களும் எல்லா இடத்திலும் யோசித்துவிட முடிவதில்லை.

தயாராகிவிட்டோமா என்பதை எப்படிச் சோதிப்பது? ஷா-256-ஐப் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி என்று எனக்குப் பட்டது, எவரும் பயன்படுத்தாத நீளத்தில் ஒரு போலி ஹாஷை வைப்பது. ஷா-256-இன் முதல் 27 பைட்டை மட்டும் எடுத்து, அதுவே ஹாஷ் என்று கருவியை நம்பவைத்தேன். 20, 32 இரண்டும் நான்கால் வகுபடுபவை. கம்பைலர் இடம் ஒதுக்கும்போது விடும் இடைவெளிகள் அவற்றில் சில பிழைகளை மூடி மறைத்துவிடும். 27 எதனோடும் ஒத்துப்போகாது. பேரண்ட் வரி 62 ஆகும், கோப்பின் பெயர் 52 ஆகும். எங்காவது பழைய எண் ஒன்று ஒளிந்திருந்தால் உடனே கத்தும். நான் முடித்துவிட்டதாக நினைத்திருந்த நிரலில் அது இன்னும் ஆறு இடங்களைக் காட்டிக்கொடுத்தது.

அப்பாவின் கட்டு

நிரல் தயாரான பின்னும் ஒன்று மிச்சமிருந்தது. ஜாப் கார்டுகளில் ஒட்டியிருக்கும் அந்த 8 இலக்கங்கள். ஹாஷ் மாறினால் ஒவ்வொரு பதிவின் பெயரும் மாறும். அலமாரிகளில் கட்டுக்கட்டாக இருக்கும் பழைய கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பாகத்தை எந்த நிரல் கொண்டு வெட்டினீர்கள்?" என்று வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது?

என் அப்பா பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தச் சமயத்தில் தம்பியின் வங்கிக் கடனுக்காக மூலப்பத்திரங்களை எடுத்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரே நிலத்தின் மூன்று பத்திரங்கள். தாத்தா வாங்கியபோது எழுதியதில் சேலம் மாவட்டம் என்று இருந்தது. 1965-க்குப் பின் எழுதியதில் தர்மபுரி மாவட்டம். 2004-க்குப் பின் எழுதியதில் கிருஷ்ணகிரி மாவட்டம். எண்பதுகளில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு நடந்தபோது சர்வே எண்ணும் மாறியிருந்தது. கடைசிப் பத்திரத்தில் புதிய எண்ணுக்கு முன்னால் பழைய எண்ணையும் எழுதி, நான்கு எல்லைகளையும் சொல்லியிருந்தார்கள். என் சிக்கலை அவருக்குப் புரியும்படி சொன்னேன். "நம்பர் மாறினா பழசை அடிச்சிட்டு எழுதறதில்லை கண்ணு. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல எழுதணும். இல்லாட்டி கைல பழைய சிட்டா வச்சிருக்கவன் எங்க போவான்?" என்றார்.

அவர் சொன்னதுதான் தீர்வு. ஆனால் பத்திரத்தில் செய்வதுபோல் இங்கே செய்ய முடியாது. நிலத்தின் எண் மாறினால் அந்த ஒரு நிலத்தோடு போயிற்று. கமிட்டோ தன் முன்னோரின் பெயரைத் தனக்குள் சுமந்திருக்கிறது. முதல் கமிட்டின் பெயர் மாறினால், அதைச் சுமக்கும் இரண்டாவதன் உள்ளடக்கம் மாறும்; உள்ளடக்கம் மாறினால் அதன் பெயரும் மாறும்; இப்படியே கடைசிவரை போகும். பழைய பெயரையும் உள்ளேயே எழுதி வைத்தால் அதுவே இன்னொரு புதிய பெயரை உண்டாக்கிவிடும். ஆகவே பழையதையும் புதியதையும் இணைக்கும் பட்டியலை வெளியேதான் வைக்க வேண்டும். கிட்டின் மாற்றத் திட்டத்திலும் ஷா-1 பெயருக்கும் ஷா-256 பெயருக்குமான அத்தகைய அட்டவணை உண்டு. கமிட் செய்தியில், "இது இன்ன பதிவைத் திரும்பப் பெறுகிறது" என்று மனிதர்கள் கையால் எழுதிய பழைய பெயர்களைத் தேடிக் கண்டடைய அதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் கருவியிலும் அப்படியொன்றை அமைத்தேன். ஸ்டிக்கரில் உள்ள பழைய 8 இலக்கத்தைக் கொடுத்தால், புதிய பெயரில் உள்ள நிரலை எடுத்துத் தரும்.

நவம்பரில் கேள்வித்தாளுக்கான பதிலை அனுப்பினோம். ஷா-1 பயன்படுகிறதா என்ற கட்டத்தில் "ஆம்" என்றே குறித்தேன். திட்டம் என்ன என்ற கட்டத்தில் மேலே சொன்னவற்றை எட்டு வரியில் எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு, "இன்னும் மாற்றவில்லையா?" என்றுதான் கேட்டார். மாற்றும் நாளை வாடிக்கையாளரோடு பேசி முடிவு செய்வதாக இருக்கிறது; அன்றைக்கு அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லைத் திருத்தி, பட்டியலை உருவாக்க ஓர் இரவு ஓட்டினால் போதும்.

சூப்பர்வைசர் அண்ணன் போன வாரம் என் மேசைப் பக்கம் வந்தார். அன்று அவர் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் அங்கேயே இருக்கிறது. "தம்பி, அந்த மாத்தம் வந்தா மறுபடியும் ஸ்டிக்கர் கோணிக்குமா?" என்று கேட்டார். கோணாது என்றேன். நிரலில் இப்போது 40 என்ற எண் ஒரே ஓரிடத்தில்தான் இருக்கிறது. அதற்கு "ஸ்டிக்கரின் அகலம், மில்லிமீட்டரில்" என்று பெயர் வைத்திருக்கிறேன்.